போர்த் தண்ணீர் கரிசலைக் கெடுக்கிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

எங்கள் நிலம் திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடிப் பக்கம். மூன்றரை ஏக்கர், முழுக்கக் கரிசல். போர் போட்டுத் தண்ணீர் வந்த அன்று அப்பத்தா ஒரு குடம் பிடித்துப் போய் துவரம்பருப்பை வேக வைத்துப் பார்த்தார். "ஆத்துத் தண்ணி மாதிரி இருக்குடா, பருப்பு பூவா வெந்துருச்சு" என்றார். சோப்பும் நன்றாக நுரைத்தது. உப்புக் கரிப்பும் இல்லை. இதைவிட நல்ல தண்ணீர் ஏது என்று நினைத்து, மூன்று வருடம் அதையே பாய்ச்சினோம்.

நான்காம் வருடம் ஐப்பசி மழையில் நிலம் கையைவிட்டுப் போனது. மழைதான் கெடுத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கெடுத்தது போர்த் தண்ணீர். மழை அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

நான் படித்தது, பரிசோதனை நிலையத்தில் கேட்டது, சொந்தக் காசைக் கரைத்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வயலில் தெரிவது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள டம்ளர் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

முதலில் மூன்று டம்ளர்

வயலில் கெட்டுப்போன இடத்தில் மேல் மண்ணில் ஒரு கட்டி, ஓர் அடி ஆழத்தில் ஒரு கட்டி எடுங்கள். நிழலில் இரண்டு நாள் காயட்டும். காய்ந்ததும் பட்டாணி அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். உடைத்தால் போதும், நசுக்கக் கூடாது.

மூன்று கண்ணாடி டம்ளர் வேண்டும். முதலாவதில் மழைத் தண்ணீர் (இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்). இரண்டாவதில் உங்கள் போர்த் தண்ணீர். மூன்றாவதில் மழைத் தண்ணீரோடு ஒரு சிட்டிகை ஜிப்சம் (கால்சியம் சல்பேட் தூள்) போட்டுக் கலக்கித் தெளிய வைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு மண் கட்டியை மெதுவாக இறக்கிவிட்டு, டம்ளரை அசைக்காமல் வையுங்கள். மேல் மண்ணுக்கு ஒரு தடவை, ஓர் அடி மண்ணுக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகச் செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை பாருங்கள்.

கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, சுற்றித் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. அது கரிசலின் இயல்பு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி புகைப்படலம் எழுந்தால், அதுதான் கோளாறு.

எனக்கு வந்த விடை இது. மழைத் தண்ணீரில் பத்தே நிமிடத்தில் புகைந்தது. போர்த் தண்ணீரில் ஒன்றுமே ஆகவில்லை. ஜிப்சம் தண்ணீரிலும் தெளிவு. முதலில் பார்த்தபோது போர்த் தண்ணீர்தான் நல்லது என்றே தோன்றியது. விஷயம் நேர்மாறு.

களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளின் அடுக்கு. கால்சியம் அந்த ஏடுகளைச் சேர்த்துப் பிடித்து வைக்கும். அந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்தால் பிடி தளர்ந்து, ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தயாராகிவிடும். ஆனால் சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு ஓரளவு இருக்கும்வரை அவை விலகாது. போர்த் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது அதிலுள்ள உப்பே மண்ணை ஒட்ட வைத்திருக்கும். மழை வந்து அந்த உப்பைக் கழுவியதும், சோடியம் ஏறிய மண் அப்படியே கரைந்து, துவாரங்களை அடைத்துவிடும். கலங்கிய கண்மாய்த் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார்களே, அது கலங்கலைத் திரட்டிக் கீழே இறக்கும். வயலில் அந்த வேலையைச் செய்வது கால்சியம்.

மழைத் தண்ணீரிலும் புகையவில்லை என்றால் உங்கள் கோளாறு வேறு. பெரும்பாலும் உழவு இறுக்கமாக இருக்கும். ஜிப்சத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நேராக "மேலே சேறு, கீழே புழுதி" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: மழை விட்டு மூன்று நாள் ஆகியும் தண்ணீர் நிற்கிறது, கலங்கலும் தெளியவில்லை

இந்த இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். கரிசலில் தண்ணீர் நிற்பது மட்டும் அதிசயமில்லை. நின்ற தண்ணீர் ஒரே நாளில் தெளிந்துவிட்டால் அது வடிகால் குறை. காபி நிறத்தில் அப்படியே நின்றால் சோடியம்.

உடனே செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: பள்ளமான மூலையில் வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விடுங்கள். ஈரத்தில் டிராக்டரை இறக்காதீர்கள். இறக்கினால் அல்வா மாதிரி பிசைந்து, அடுத்த இரண்டு பட்டத்துக்கு அந்தத் தடம் மறையாது. எங்கள் வயலின் வடகிழக்கு மூலையில் அந்தத் தடம் இன்னும் தெரிகிறது.

அடுத்தது, மண்ணையும் தண்ணீரையும் இரண்டையுமே பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மண்ணை மட்டும் கொடுத்தால் பாதி விடைதான் கிடைக்கும். மதுரையில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். தண்ணீர் பிடிக்கும்போது மோட்டாரைக் குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பாட்டிலில் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். அன்றோ மறுநாளோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், வீட்டில் ஒரு வாரம் கிடக்க விடாதீர்கள்.

முடிவுத் தாளைப் படிப்பது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். ஒரு மாதிரித் தாளை வைத்துப் பார்க்கலாம். லிட்டருக்கு மில்லி ஈக்வலன்ட் கணக்கில் கால்சியம் 1.5, மக்னீசியம் 2.5, சோடியம் 11, கார்பனேட் 0.5, பைகார்பனேட் 8. மின் கடத்தும் திறன் (மொத்த உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) சுமார் 1.5 என்று வந்திருக்கும்.

எஸ்.ஏ.ஆர். என்ற சோடியம் விகிதத்தைக் கணக்கிட, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டி (4), பாதியாக்கி (2), அதன் வர்க்கமூலத்தால் (1.41) சோடியத்தை வகுக்க வேண்டும். 11-ஐ 1.41-ஆல் வகுத்தால் 7.8. வழக்கமான அட்டவணையில் 10-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு என்று போட்டிருக்கும். அதோடு தாளை மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம்.

அடுத்த வரியைப் பாருங்கள். ஆர்.எஸ்.சி., அதாவது எஞ்சிய சோடியம் கார்பனேட். கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் கூட்டி (8.5), அதிலிருந்து கால்சியம், மக்னீசியம் கூட்டுத்தொகையைக் கழித்தால் (4) மிஞ்சுவது 4.5. இதில் 1.25 வரை நல்லது, 2.5 வரை பார்த்துப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் பாசனத்துக்கு ஆகாது. நம்முடையது 4.5.

இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. வயல் காயும்போது பைகார்பனேட், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக இறுக்கிவிடும். கால்சியம் ஆட்டத்தைவிட்டு வெளியேறியதும் சோடியத்துக்குப் போட்டியில்லை. ஆகவே பாட்டிலில் 7.8 என்று இருந்தது வயலில் அதைவிட மேலே ஏறும். மணல் கலந்த செவ்வலில் இந்தத் தண்ணீரை ஓரளவு சமாளித்துவிடலாம். கரிசலில் முடியாது, அதில் களி அதிகம், ஏற்கெனவே ஊதிச் சுருங்கும் மண்.

அப்பத்தாவின் பருப்பு பூவாக வெந்ததற்கும் இதுதான் காரணம். கால்சியம், மக்னீசியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் என்பது சமையல் சோடா கரைத்த தண்ணீர் மாதிரி. பருப்பு சீக்கிரம் குழையும், சோப்பு நுரைக்கும், வெள்ளைச் சோறு லேசாக மஞ்சளடிக்கும். வைகைத் தண்ணீரிலும் பருப்பு வேகும்தான். ஆனால் அதில் உப்பே குறைவு, சோறு மஞ்சளாகாது. போர்த் தண்ணீரில் பருப்பும் வெந்து சோறும் மஞ்சளானால் உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். மறுபடி, பருப்பே வேகாத கடினத் தண்ணீரைக் கண்டு வயலுக்கும் ஆகாது என்று ஒதுக்க வேண்டாம். மொத்த உப்பு அளவோடு இருந்தால் களிமண்ணுக்கு அதுவே மேல்.

அறிகுறி: விதை முளைத்தும் மேலே வரவில்லை, மண் ஏடுகட்டியிருக்கிறது

விதைத்துத் தண்ணீர் விட்டு நாலைந்து நாளில் மேல் மண் பொருக்குத் தட்டிவிடும். பொருக்கைப் பெயர்த்துப் பார்த்தால், கீழே பருத்தி முளை கழுத்து வளைந்து மஞ்சளாகக் கிடக்கும். காரணம் மேலே சொன்னதுதான், ஆனால் ரோட்டவேட்டர் அதை இரண்டு மடங்காக்குகிறது. மாவாக அரைத்த மண் முதல் தண்ணீரிலேயே ஏடுகட்டும். கொஞ்சம் கட்டியும் முட்டியுமாக விடுங்கள், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்போதைக்கு, முளை வெளிவரும் வரை மேல் மண் காயாமல் லேசாகத் தண்ணீர் விட்டு வையுங்கள். விதை வரிசையில் மட்டும் மக்கிய தொழுவுரம் தூவி மூடுவதும் பலன் தந்திருக்கிறது.

அறிகுறி: வெள்ளையாகப் பூக்கிறது, அல்லது கறுப்பாகப் படிகிறது

இரண்டும் ஒன்றல்ல. பார் மேட்டிலும் வரப்போரத்திலும் வெள்ளைப் பூப்பு என்றால் பெரும்பாலும் உவர். உப்பு அதிகம், ஆனால் மண் கட்டமைப்பு பொதுவாகக் கெட்டிருக்காது. தண்ணீர் குட்டையாக நின்று வற்றிய இடத்தில் எண்ணெய் சிந்தியது போல் கறுப்பு ஏடு படிந்தால் அது களர். காரம் முற்றி, மண்ணிலுள்ள மக்கே கரைந்து மேலே வந்து நிற்கிறது என்று அர்த்தம். சலவைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் துணி வெளுக்க அள்ளிக்கொண்டு போன மண்ணில் இருந்ததும் இந்தச் சோடியம் கார்பனேட்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை. மண்ணை மழைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவில் மஞ்சள் தூளைக் குழையுங்கள். ஆரத்தித் தண்ணீர் போல் லேசாகச் சிவந்தால் காரம் மிகுதி. சிவக்கவில்லை என்பதற்காக நல்ல மண் என்று முடிவுகட்ட வேண்டாம். பரிசோதனைத் தாளில் கார அமில நிலை 8.5-க்கு மேலும் மின் கடத்தும் திறன் 4-க்குக் கீழும் இருந்தால் களர். கார அமில நிலை 8.5-க்குள் இருந்து மின் கடத்தும் திறன் 4-ஐத் தாண்டினால் உவர்.

உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் போதும். விதையைப் பாரின் உச்சியில் ஊன்றாமல் சரிவில் ஊன்றுங்கள், உப்பு உச்சியில்தான் சேரும். உவரும் களரும் கலந்த நிலத்தில் மட்டும் அவசரப்பட்டு மழைத் தண்ணீரைத் தேக்கிக் கழுவிவிடாதீர்கள். உப்பு போய்விடும், சோடியம் நின்றுவிடும், நிலம் முழுக்களராகிவிடும். அங்கே முதலில் ஜிப்சம், பிறகுதான் கழுவல்.

அறிகுறி: மேலே சேறு, கீழே புழுதி

தண்ணீர் கட்டி இரண்டு நாளில் மக்காச்சோளம் சுருள்கிறது. மேலே கால் புதைகிறது. மண்வெட்டியால் முக்கால் அடி வெட்டினால் காய்ந்த மண். இதைப் பார்த்துவிட்டு இன்னொரு தண்ணீர் விடுவோம், அது வேரை அழுகவைக்கும்.

டம்ளரில் ஓர் அடி மண் புகைந்ததா? புகைந்தால் சோடியம் அடியில் இறங்கியிருக்கிறது. புகையவில்லை, ஆனால் முக்கால் அடியில் கம்பி இறங்க மறுக்கிறது என்றால், வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுததால் வந்த இறுக்கம். அதற்கு உளிக்கலப்பை. கோடையில், மண் நன்றாகக் காய்ந்து பாளமாக வெடித்திருக்கும்போது ஓட்டினால்தான் அடிமண் உடையும். ஈரத்தில் ஓட்டினால் கீறல் விழும், உடையாது.

அறிகுறி: இலையில் தெரிவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலையைப் பார்த்துத் தண்ணீரை எடைபோடுவது தலைவலிக்குக் கண்ணாடி மாற்றுவது மாதிரி, சில சமயம்தான் சரியாக இருக்கும். முதிர்ந்த இலையின் ஓரமும் நுனியும் கருகினால் உப்பு. மல்லிகையில் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புப் பற்றாக்குறை. கார மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு தெளித்தால் இலை தேறும், மண் தேறாது. நெல்லுக்குத் துத்தநாகம் இந்த மண்ணில் கூடுதலாக வேண்டும்: ஹெக்டேருக்கு வழக்கமான 25 கிலோ சிங்க் சல்பேட்டுக்குப் பதில் 37.5 கிலோ.

அறிகுறி: சொட்டுநீர்க் குழாய் வெள்ளையாக அடைக்கிறது

பைகார்பனேட்டுச் சுண்ணாம்புதான். அமிலம் விட்டுக் கழுவலாம், கடைக்காரர் அளவு சொல்வார். ஜிப்சத்தை மட்டும் சொட்டுநீர்க் குழாயில் விட்டுவிடாதீர்கள். கால்சியம் நைட்ரேட் விடலாம், ஆனால் சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலந்தால் கட்டியாகிவிடும்.

சரி, ஜிப்சம் எவ்வளவு?

இரண்டு தனிக் கணக்கு இருக்கிறது. மண்ணில் ஏற்கெனவே ஏறிய சோடியத்தை வெளியேற்ற ஒன்று, இனி வரும் தண்ணீரைச் சரிசெய்ய ஒன்று. முதல் கணக்கைப் பரிசோதனை நிலையம் "ஜிப்சம் தேவை" என்று எழுதித் தரும். நெல் வயலுக்கு அதில் பாதி போட்டால் போதும் என்பதுதான் பரிந்துரை.

இரண்டாவது கணக்கை நாமே போடலாம். ஆர்.எஸ்.சி. ஒரு மில்லி ஈக்வலன்ட் குறைய ஆயிரம் லிட்டருக்கு 86 கிராம் சுத்த ஜிப்சம் வேண்டும். மேலே சொன்ன தண்ணீரை 4.5-இலிருந்து 2.5-க்குக் கொண்டுவர 172 கிராம். ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். ஆக ஒரு தடவைக்கு 34 கிலோ. கடையில் வாங்கும் ஜிப்சம் 80 சதவீதம் சுத்தம் என்றால் 43 கிலோ. கிட்டத்தட்ட ஒரு தண்ணீருக்கு ஒரு மூட்டை. இதைக் கேட்டதும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. நான் செய்தது, போர்த் தண்ணீர் விழும் தொட்டியின் வாயில் ஜிப்சக் கட்டிகளைப் படுக்கையாக அடுக்கி, தண்ணீர் அதன் வழியாகக் கரைத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும்படி விட்டேன். தூளைவிடக் கட்டி மலிவு, தினமும் தூவும் வேலையும் இல்லை.

எப்போது போடுவது என்பது எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மண் கரையப்போவது அப்போதுதான். ஆகவே மண்ணுக்கான ஜிப்சத்தைப் புரட்டாசிக்குள் தூவி, மேலாக உழுது கலந்துவிடுங்கள். மழையே அதைக் கரைத்து உள்ளே இறக்கும். தை மாதத்தில் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தால் போர்த் தண்ணீரின் பைகார்பனேட் அதைச் சாப்பிட்டுவிடும்.

அறிகுறி: ஜிப்சம் போட்டும் ஒன்றும் ஆகவில்லை

என் முதல் வருடம் இதுதான். ஒரு கடையில் ஜிப்சம் என்று சொல்லிச் சுண்ணாம்புத் தூள் கொடுத்துவிட்டார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கியது. ஜிப்சம் அப்படிப் பொங்காது. களர் மண்ணில் சுண்ணாம்பு கரையவே கரையாது, கரிசலில் சுக்கான் கல்லாக ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடக்கிறது. வாங்கும்போதே சோதித்துவிடுங்கள்.

சரக்கு சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் வடிகாலைப் பாருங்கள். ஜிப்சம் சோடியத்தை மண்ணிலிருந்து கழற்றித்தான் விடும், வயலைவிட்டு வெளியேற்றுவது தண்ணீர். போகும் வழி இல்லையென்றால் அது அங்கேயே சுற்றும். நான் பள்ளமான பக்கம் இரண்டடி ஆழத்தில் ஓடை வெட்டிய பிறகுதான் மாற்றம் தெரிந்தது. கூடவே தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதேன். அது மக்கும்போது வெளிவரும் அமிலம், கிடக்கும் சுக்கானையும் கொஞ்சம் கரைத்துக் கால்சியத்தைக் கொடுக்கும். இந்தப் பக்கம் கண்மாய் வண்டல் அடிப்பதும் வழக்கம். செவ்வலுக்கு அது பொன். கரிசல் களியின் மேல் இன்னொரு களியைக் கொட்டி என்ன ஆகப்போகிறது என்று நான் அடிக்கவில்லை.

கண்மாயிலோ கால்வாயிலோ தண்ணீர் கிடைக்கும் நாட்களில் அதைப் போரோடு மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் ஜிப்சச் செலவு குறையும். ஆனால் நல்ல தண்ணீர் விடப்போகிறோமே என்று ஜிப்சத்தை நிறுத்தினால், அது ஐப்பசி மழை செய்த அதே வேலையைச் செய்யும்.

நெல் போடுகிறவர்கள் களருக்கென்று வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 ரகங்களைப் போடலாம். உளுந்து இந்த மண்ணில் முதலில் அடிவாங்கும் பயிர். பருத்தி தாங்கும்.

ஒவ்வொரு தை மாதமும் அந்த மூன்று டம்ளரையும் திண்ணையில் எடுத்து வைக்கிறேன். ஜிப்சம் தொடங்கி இது மூன்றாவது தை. மேல் மண் மழைத் தண்ணீரில் இரவு முழுக்கத் தெளிவாக நின்றது. ஓர் அடி ஆழத்து மண் இரண்டு மணி நேரத்தில் லேசாகப் புகைந்தது. வடகிழக்கு மூலை மண் பத்து நிமிடத்திலேயே.